வெளியே நின்ற வீட்டுக்காரர்

தன்னைக் கேட்காமல் இனி ஓர் ஈ காக்கை இந்த வீட்டுக்குள் நுழையக்கூடாது என்று எல்லப்பன் முடிவெடுத்தது ஒரு புதன்கிழமை சாயங்காலம். முடிவெடுத்தால் எடுத்ததுதான். இதற்கு முன் அவர் எடுத்த பெரிய முடிவுகள் மூன்று. மூன்றிலும் அவர்தான் அவஸ்தைப்பட்டார். ஆனாலும் மனுஷன் முடிவெடுப்பதை நிறுத்தவில்லை.

வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் பிரிந்து உள்ளே போகும் அந்தத் தெருவில், தானாகத் திறக்கும் கதவு வைத்த வீடு அவருடையது ஒன்றுதான். எல்லப்பனுக்கு ஐம்பத்து நாலு வயது. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக மெயின்டனன்ஸ் வேலை. கம்பெனியில் உள்ள கதவுகள் எல்லாம் அவர் பொறுப்பு. போன வருடம் ரிசப்ஷனுக்குப் புதுக் கதவு போட்டார்கள். பழைய கண்ணாடிக் கதவு ஸ்கிராப் யார்டுக்குப் போக இருந்தது. பதினாலு வருடம் எண்ணெய் போட்டுத் துடைத்த கதவு. எல்லப்பனுக்கு மனசு கேட்கவில்லை. மனு எழுதிக் கேட்டு வாங்கி, குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வீட்டு வாசலில் மாட்டினார். மேலே நீளப் பெட்டி, அதற்குள் மோட்டார், பெல்ட், சக்கரம். ஆள் வந்து நின்றால் சென்சார் பார்க்கும். கதவு ஒரு பெருமூச்சு விட்டுப் பக்கவாட்டில் நகரும்.

ஆள் வந்தால் திறக்கும் என்று சொன்னேன். ஆடு வந்தாலும் திறந்தது. எதிர்வீட்டுச் சந்திரலேகா வளர்க்கும் வெள்ளாடு இரண்டாம் நாளே விஷயத்தைப் புரிந்துகொண்டு, உள்ளே வந்து, நாள்காட்டியில் மார்கழி வரைக்கும் தின்றுவிட்டுப் போனது. சென்சாருக்கு மனுஷ முகம் ஆட்டு முகம் என்ற பேதம் கிடையாது. வாசலில் நிற்பது எதுவானாலும் அதற்கு விருந்தாளிதான்.

ஆட்டைக்கூட எல்லப்பன் மன்னித்துவிட்டார். அந்தப் புதன்கிழமை அவர் கண்டது வேறு. ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி, டீ குடித்து, வழக்கம்போல் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க உட்கார்ந்தார். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், உட்பக்கம், ஒரு கைத்தடம். நெல்லிக்காய் அளவு உள்ளங்கை. ஐந்து விரலும் தெளிவாக விழுந்திருந்தன. முழங்கால் உயரத்துக்குக் கீழே சென்சாரின் கண் பாயாது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே கதவு நகரவில்லை. ஆகவே தடம் அப்படியே நின்றுவிட்டது.

தவழ்கிற குழந்தை. அவர் வீட்டில் அப்படி ஒரு குழந்தை இல்லை. அவர் மகள் வீட்டில் இருந்தது.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ரொம்ப நேரம் அங்கேயே குந்தியிருந்தார். பிறகு துடைத்துவிட்டார். மனைவி கனகத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 

அவருக்குத் தெரிந்து, மகள் கவிப்பிரியா அந்த வாசல்படி ஏறி இரண்டு வருடமாகிறது. ஏறாதே என்று சொன்னவர் எல்லப்பன்தான். காரணம் ஒரு காகிதம்.

எல்லப்பனின் கம்பெனிக்கு ஜோயல் என்று ஒரு பையன் சூப்பர்வைசராக வந்தான். மறைமலை நகர்க்காரன், இருபத்தெட்டு வயது, ஆறடி உயரம், சட்டம் பேசுகிறவன். ஸ்டோர்ஸ் கதவு அடிக்கடி மூடிக்கொண்டு ஃபோர்க்லிஃப்டை மறிக்கிறதே, உற்பத்தி லைன் நிற்கிறதே என்று எல்லப்பன் ஒருநாள் சென்சார்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினார். கதவு திறந்தபடி நின்றது. லைன் ஓடியது. ஜோயல் வந்து டேப்பைப் பார்த்தான். ஆள்மேல் கதவு விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டான். மறுநாள் மெமோ வந்தது. மூன்று வரி இங்கிலீஷ். இருபது வருட சர்வீசில் முதல் மெமோ. எல்லப்பன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தன் மகன் வயசுப் பையன் தன்னை நாலு பேர் நடுவில் நிற்க வைத்துக் கையெழுத்து வாங்கியதை அவரால் விழுங்க முடியவில்லை.

நாலு மாதம் கழித்துக் கவிப்பிரியா தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்றாள். பேர் ஜோயல். எங்கே பார்த்தாய் என்று கேட்டார். கம்பெனி குடும்ப விழாவில் என்றாள். அந்த விழாவுக்கு அவளை வரமாட்டேன் வரமாட்டேன் என்றபோது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவர் எல்லப்பன்.

கோயிலா சர்ச்சா என்பதை எல்லாம் அவர் கேட்கவே இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான். "மெமோ குடுத்தவன் எனக்கு மருமவனா?"

அவர்கள் பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டார்கள். ஜோயல் மறைமலை நகரிலேயே வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். எல்லப்பன் வாசல்படியைக் காட்டிச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். கதவுக்குத் தாழ் போடத் தெரிந்த அளவுக்கு அவருக்குத் தாழ்ந்து போகத் தெரியாது. குழந்தை பிறந்த செய்தியைக் கனகம் சொல்ல ஆரம்பித்தபோது எழுந்து வெளியே போனவர், வல்லக்கோட்டைக் கோயில் குளத்தங்கரையில் நடை சாத்தும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சுக் குறைந்தது. டிவி ஓடும். யாரும் பார்க்கமாட்டார்கள்.

வியாழக்கிழமை அவர் ஒரு மோட்டார் பூட்டு வாங்கி வந்தார். கைப்பிடி அளவு பெட்டி. அதற்குள் ஒரு சின்ன மோட்டார், சுண்டுவிரல் கனத்தில் ஓர் எஃகு முளை. கதவு மூடியதும் முளை மேலிருந்து இறங்கிக் கதவைத் தாங்கும் சட்டத்தின் ஓட்டையில் உட்காரும். அதன்பிறகு யானை தள்ளினாலும் கதவு நகராது. ரிமோட்டை அமுக்கினால் முளை மேலே ஏறும், கதவு திறக்கும். ரிமோட் ஒன்றே ஒன்று. அது எல்லப்பனின் அரைஞாண் கயிற்றில் தொங்கும். உள்ளே இருப்பவர் வெளியே போக ஒரு பட்டன் உண்டு. ஆனால் கதவு எத்தனை முறை திறந்தது என்று பெட்டியில் நம்பர் ஏறும். காலையில் நம்பரைப் பார்த்துவிட்டு ஷிப்டுக்குப் போவார். சாயங்காலம் வந்து பார்ப்பார். அதிகமாக இருந்தால் எதற்குத் திறந்தாய் என்று கேட்பார். திட்டம் அவ்வளவுதான்.

கனகம் அதிகம் பேசுகிறவள் இல்லை. சண்டை போடுகிறவளும் இல்லை. கேள்வி கேட்பாள், அவ்வளவே. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் அவர் ஏணிமேல் நின்று வேலை செய்ய, அவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். முளை ஏறுவதற்கு முன்னால் கதவு நகரப் பார்த்தால் என்னாகும் என்று கேட்டாள். மோட்டார் முக்கிக்கொண்டு நிற்கும், அதனால்தான் முதலில் பூட்டு, அப்புறம் கதவு என்று வரிசை வைக்க வேண்டும் என்றார். முளை ஓட்டையில் சரியாக இறங்கவில்லையே என்றாள். இரண்டு மில்லி தள்ளியிருக்கிறது என்று அரத்தை வாங்கி ராவினார். வீட்டில் இவ்வளவு மரியாதையாக அவரை யாரும் கேட்டு வெகுநாளாகியிருந்தது. எல்லப்பன் உற்சாகமாகவே பதில் சொன்னார்.

கடைசியாக ஒரு சின்ன ஸ்விட்ச். அதில் இரண்டு நிலை.

"இது இன்னாத்துக்கு?" என்று கேட்டாள் கனகம்.

"கரண்ட் போச்சின்னா பூட்டு இன்னா பண்ணணும்னு சொல்றது. இப்டி வெச்சா தானா தொறந்துக்கும். அப்டி வெச்சா பூட்டிக்கினே இருக்கும்."

"நீங்க எப்டி வெக்கறீங்க?"

"பூட்டிக்கினேதான் இருக்கணும். கரண்ட் போற நேரம் பாத்து எவனாவது பூந்துட்டா?"

"பேட்டரி கீட்டரி எதுனா போடுவாங்களா?"

அடுத்த வாரம் போடலாம் என்றார்.

"அப்ப உள்ள மாட்டிக்கினவங்க கதி?"

பெட்டியின் ஓரத்தில் உட்பக்கம் தொங்கிய சிவப்பு லிவரை அவர் காட்டினார். அதை இழுத்தால் முளை மேலே போய்விடும், கையால் தள்ளலாம். உள்ளேயிருந்துதான் முடியும், வெளியே இருப்பவன் தலைகீழாக நின்றாலும் முடியாது என்றும் விளக்கினார். கனகம் லிவரை அண்ணாந்து பார்த்தாள். சரி என்று தலையாட்டினாள்.

பின்கதவைப் பற்றி அவர் யோசிக்காமல் இல்லை. பின்னால் ஒரு பழைய பலகைக் கதவு, சந்துக்குத் திறப்பது. அது மழையில் உப்பி ஒட்டிக்கொண்டுவிட்டது, திறக்கவே வருவதில்லை என்று கனகம் தீபாவளிக்கு முன்பே சொல்லியிருந்தாள். அரிசி ட்ரம் வேறு அதை அடைத்துக்கொண்டு நின்றது. மோட்டார் இல்லாத கதவைக் கதவு என்றே எல்லப்பன் மதிப்பதில்லை. போய்ப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்டிங். ஐம்பது தடவை திறந்து மூடிக் காட்டினால்தான் கம்பெனியில் ஒரு கதவை ஒப்படைப்பார். வீட்டுக் கதவென்றால் மட்டும் விட்டுக்கொடுப்பாரா? உள்ளே நின்றபடி பத்து தடவை ஆனதும், கனகம் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். வெளியே ஓர் ஆள், உள்ளே ஓர் ஆள் நின்றுதான் டெஸ்ட் பண்ண வேண்டும் என்று அவரே சொல்வாரே, இங்கே மட்டும் வேண்டாமா?

நியாயம் என்று பட்டது. கூட வேலை செய்யும் ரத்தினத்துக்குப் போன் போட்டார். ரத்தினம் கல்யாணத்தில் இருந்தார். ஆகவே எல்லப்பன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, லுங்கி பனியனோடு, ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தானே வெளியே போனார். செருப்பு உள்ளேயே கிடந்தது. இரண்டு நிமிஷ வேலைக்குச் செருப்பு எதற்கு?

டக் என்று முளை ஏறியது. கதவு பெருமூச்சு விட்டுத் திறந்தது. மூடியது. டொக் என்று முளை இறங்கியது. உள்ளேயிருந்து கனகம் எண்ணிக்கொண்டு வந்தாள். பதினொன்று, பன்னிரண்டு, இருபது. எல்லப்பனின் முகத்தில் இரண்டு வருடத்தில் வராத ஒரு தெளிவு வந்தது. உலகத்தில் ஒரு பொருளாவது சொன்ன பேச்சைக் கேட்கிறது. முப்பத்தொன்று ஆனதும் இருங்கள், அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று கனகம் உள்ளே போனாள். அவர் அப்படியே நின்றார்.

அவள் திரும்பி வந்ததும் ரிமோட்டை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினார். ரிமோட்டில் விளக்கு எரிந்தது. கதவு செத்துக் கிடந்தது. கனகம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மேலே கையைக் காட்டினாள். மின்விசிறி நின்றிருந்தது.

"கரண்ட் பூட்ச்சி" என்றாள். கண்ணாடி வழியே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

பரவாயில்லை, இதுவும் ஒரு டெஸ்ட்தான் என்று எல்லப்பன் நினைத்துக்கொண்டார். கதவைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. தன் வேலையில் அவருக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. சிவப்பு லிவரை இழு என்று ஜாடை காட்டினார். அவள் கையைத் தூக்கினாள். ஒரு முழம் எட்டவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறச் சொன்னார். அவள் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். அந்த முழங்கால் வலிக்கு ஆறு மாதமாக எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் அவர்தான். 

மணி பத்தரை இருக்கும். சித்திரை வெயில் வாசல் சிமெண்டுத் தரையில் ஏறத் தொடங்கியிருந்தது. அவர் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். எதிரே சந்திரலேகா மிக்சியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். பார்த்தாள். உள்ளே போய் ஒரு முறம் அவரைக்காயும் மனைப்பலகையும் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தாள்.

அப்போதுதான் சமையலறையிலிருந்து ஒருத்தி கூடத்துக்கு வருவதை எல்லப்பன் கண்ணாடி வழியே கண்டார். இடுப்பில் ஒரு குழந்தை. பின்னால் ஆறடி உயரத்தில் ஒருவன், நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான்.

எல்லப்பன் சட்டென்று தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

திரும்பிய பிறகுதான் உறைத்தது. போவதற்கு ஓரிடமும் இல்லை. சட்டை உள்ளே. செருப்பு உள்ளே. போன் உள்ளே. பனியனில் முதுகுப்பக்கம் இரண்டு ஓட்டை. இந்தக் கோலத்தில் கோயில் குளத்தங்கரை வரை நடந்தால், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டுவிட்டுப் போவார்கள்.

கதவு ஓரத்தில் விரல் நுழையாத ஓர் இடுக்கு உண்டு. கனகம் அதில் வாயை வைத்துப் பேசினாள். கத்தவில்லை.

"அவங்க ஊரைவுட்டுப் போறாங்க. குஜராத்துல ஒரு பிளான்ட்டாம். மூணு வருஷம். சாயந்தரம் வண்டி."

எல்லப்பன் திரும்பவில்லை.

"நேத்தே சொல்லியிருந்தா நீங்க காலையிலயே எழுந்து எங்கனா போயிருப்பீங்க. கொழந்த பொறந்தப்போ அப்டித்தான் போனீங்க. அதான், நீங்களே வெளிய நிக்கற நேரமாப் பாத்து வரச் சொன்னேன். இனிமே எங்க போவீங்க?"

அவருக்குக் கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது வேறு. "பின்கதவு ஒட்டிக்கிச்சின்னு சொன்னியே."

"கதவு ஒட்டல. ட்ரம்முதான் ஒட்டிக்கினு இருந்துது. நகத்திட்டேன்."

"அப்ப நான் சந்து வழியா வர்றேன்."

"தாழ்ப்பாள் போட்டுட்டேன். அதுக்குக் கரண்ட்டு வேணாம்."

 பிறகு கனகம் தணிந்த குரலில் சொன்னாள். "நான் தொறக்கமாட்டேன். எனக்கு எட்டாது. நீங்க அவகிட்ட கேளுங்க. ஒரு வார்த்த கேட்டா அவ தொறந்துடுவா."

அவள் இடுக்கைவிட்டு நகர்ந்துபோகும் சத்தம் கேட்டது.

எல்லப்பன் வெயிலில் நின்றார். அரை மணி நேரம் நின்றார் என்று சந்திரலேகா பிற்பாடு தெருவெல்லாம் சொன்னாள். முக்கால் மணி என்றும் சொன்னாள். சிமெண்டு சுட்டதால் கால்மிதியை இழுத்துப் போட்டு அதன்மேல் நின்றார். கோயில் ஒலிபெருக்கி யாரோ தொலைத்துவிட்ட பையைப் பற்றி அறிவித்துக்கொண்டிருந்தது.

கவிப்பிரியா ஒன்பது வயதில் ஒருநாள் அவரோடு கம்பெனிக்கு வந்திருந்தாள். இதே கதவு. தானாகத் திறக்கிறது என்றதும் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. உள்ளே ஓடினாள், வெளியே ஓடினாள். பதினொரு தடவை. செக்யூரிட்டி அதட்ட, எங்கப்பா கதவு இது என்று இடுப்பில் கை வைத்துச் சொன்னாள். ஸ்கிராப்புக்குப் போக இருந்த கதவுக்காக மனு எழுதியபோது எல்லப்பன் காரணம் என்று எழுதியது சொந்த உபயோகத்துக்கு என்று. கனகத்திடம் சொன்னது உன் முழங்காலுக்கு நல்லது என்று. பதினொரு தடவையைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. கல்லும் மண்ணுமாக இருந்த நெஞ்சில் அது இப்போது வந்து உட்கார்ந்துகொண்டது.

திரும்பினார்.

குழந்தை தரையில் உட்கார்ந்து ஒரு கரண்டிக் காம்பைக் கடித்துக்கொண்டிருந்தது. தலையில் முடி சரியாக முளைக்கவில்லை. காது மட்டும் பெரிசு, அவருடைய காது. கவிப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள்.

கதவைத் திற என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். "பேரு இன்னா?" என்று வந்தது.

கண்ணாடி கேட்கவிடவில்லை. அவள் காதில் கை வைத்தாள். அவர் இன்னும் உரக்க, தெருவே கேட்கும்படி கேட்டார். "கொழந்த பேரு இன்னா?"

"நிலா" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. சந்திரலேகா அவரைக்காயை நறுக்கியபடி, தலை நிமிராமல் சொன்னாள். "பத்து மாசம் ஆவுது. இன்னும் ரெண்டு மாசத்துல ஒண்ணாவது பொறந்தநாளுன்னு நாங்கல்லாம் நெனச்சிக்கினு இருந்தோம். அதுக்குள்ள இப்டி ஊருக்குப் போவுதே."

தெருவுக்கே தெரிந்த பேர். ஆட்டுக்குக்கூடத் தெரிந்திருக்கும். அவர் ஒருவருக்குத்தான் தெரியவில்லை. 

"உன்னக் கேக்கலம்மா நானு" என்றார் சந்திரலேகாவிடம், திரும்பாமலே.

கவிப்பிரியா எழுந்து கண்ணாடிக்கு அருகில் வந்தாள். நிலா என்று அவள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. உதடு அசைந்தது தெரிந்தது. அவர் தலையாட்டினார். பிறகு மேலே பெட்டியைப் பார்த்து, தரையைப் பார்த்து, கடைசியில் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "தொற."

அவளுக்கும் லிவர் எட்டவில்லை. ஜோயல் வந்தான். ஸ்டூல் இல்லாமலே கையைத் தூக்கினான். சிவப்பு லிவரில் விரலை வைத்தவன், இழுக்காமல் கீழே அவரைப் பார்த்தான். இடுக்கின் பக்கம் குனிந்தான்.

"மாமா, கதவுமேல சாஞ்சிக்கினு இருக்கீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

எல்லப்பன் தள்ளி நின்றார். அந்தப் பையன் சொன்னதை அவர் எதிர்த்துப் பேசாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

உள்ளே போன பிறகும் எல்லாம் சுபமாகிவிடவில்லை. குழந்தை அவரைப் பார்த்ததும் வீறிட்டு அழுதது. கிட்டே போனால் அழுதது. தூரமாக நின்றால் அழுகையை நிறுத்திவிட்டுக் கவனித்தது. சுற்றிலும் இருந்த எல்லோரிடமும் தாவியது, அவரிடம் மட்டும் வரவில்லை. பத்து மாதமாகப் பார்க்காத தாத்தாவுக்கு அது வேறென்ன மரியாதை செய்யும்?

கரண்ட் வரவேயில்லை. விசிறி இல்லாத கூடத்தில் காற்று வருகிற ஒரே இடம் திறந்து கிடந்த வாசல்தான். வேறு வழியில்லாமல் ஐந்து பேரும் அந்த ஆறடி இடத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கனகம் வஞ்சிரம் வறுத்திருந்தாள். ஜோயலின் முழங்கை எல்லப்பனின் முழங்கையில் இடித்தது. இரண்டு பேரும் கையை இழுத்துக்கொண்டார்கள். மறுபடியும் இடித்தது. அப்புறம் விட்டுவிட்டார்கள்.

கை கழுவிய பிறகு ஜோயல் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். முளை நேராக இறங்குகிறது, நல்ல வேலை என்றான்.  கொஞ்சம் பொறுத்து அவன் தானாகவே சொன்னான்.

"அன்னிக்கி அந்த மெமோ நான் குடுத்துத்தான் ஆவணும், மாமா. இன்னிக்கா இருந்தாலும் குடுப்பேன். ஆனா அத்தினி பேர் நடுவுல குடுத்திருக்கக் கூடாது. தனியாக் கூப்ட்டுப் பேசியிருக்கணும்."

எல்லப்பன் தெருவைப் பார்த்தார். "டேப்பு ஒட்டனது தப்புதான்" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

நாலு மணிக்கு ஆட்டோ வந்தது. பை மூன்று, ஒரு தண்ணீர் பாட்டில், கனகம் கட்டிக் கொடுத்த புளிசாதம். குழந்தை அதற்குள் தூங்கிப்போயிருந்தது. தூங்குகிற குழந்தையைக் கவிப்பிரியா ஒரு நிமிஷம் அவர் கையில் கொடுத்தாள். அது அழவில்லை, தெரிந்தால்தானே அழும். நெஞ்சில் பொசுக்கென்று ஒரு சூடு. ஜோயல் மணி பார்த்தான். அவர் திருப்பிக் கொடுத்தார்.

"வர்றேம்பா" என்றாள் கவிப்பிரியா.

மூன்று வருடம் என்று அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். வரும்போது பள்ளிக்கூடம் போகிற வயசாகிவிடும். ஆட்டோ தெருமுனையில் திரும்பும்வரை வெறுங்காலோடு நடுத்தெருவில் நின்றார். இரண்டு வருடமாக அவள் இருந்த மறைமலை நகர் எத்தனை தூரம்? பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். ஒரு தடவை போயிருக்கலாம். அவர் போகவில்லை.

வீட்டுக்குள் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கனகம் பாத்திரங்களை அடுக்கினாள். புழுக்கம் தாங்கவில்லை. சாப்பாட்டு வாசனையும் பால் வாசனையும் கூடத்தில் அப்படியே நின்றன. யாரையாவது திட்டினால் தேவலை போல இருந்தது அவருக்கு. காலையில் போன கரண்ட், சாயங்காலம் ஐந்தாகப் போகிறது, ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக இப்படிச் செய்கிறார்களே என்று ஆரம்பித்தார். லைன்மேன் வெங்கடேசனுக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கேட்கிறேன் என்று சார்ஜரிலிருந்து போனை உருவினார்.

கனகம் கையைத் துடைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். சுவரில் ஏதோ தட்டிய சத்தம் கேட்டது. தலைக்குமேல் விசிறி மெல்லச் சுழல ஆரம்பித்தது. டிவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் திரும்பி வந்து காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"அவனத் திட்டாதீங்க. கரண்ட் எங்கியும் போவல" என்றாள். "இருவத்திரெண்டு வருஷமா மெயின்டனன்ஸ் பாக்கறீங்க. உள்ள வந்து அஞ்சு மணி நேரமாச்சி. ஒரு தபா போயி மெயின் ஸ்விட்ச்சப் பாத்தீங்களா?"